சமைத்துப் பார்த்தவர்கள் யார்?

1951-ல் இரண்டு பிரதிகள் வெளிவந்தன. ஒன்று, எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. இன்னொன்று, நாடாளுமன்றம் நிறைவேற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம். முதலாவதை 1999-ல் கோயமுத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். இரண்டாவதன் கணக்கில் வருகிற ஒரு லைன் வீட்டில், குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்து வளர்ந்தேன். இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. காரணம் வேறொன்றுமில்லை. ரெண்டு புத்தகத்துக்கும் நடுவில்தான் எங்க வீட்டு ராத்திரிச் சோறு கிடக்கிறது. ரெண்டிலும் அது இல்லை.

வாங்கின கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வேலை கிடைத்து, ஒரு வீட்டின் மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். ஓட்டல் சோறு கட்டுபடியாகவில்லை. ஸ்டவ் வாங்கினேன், ரெண்டு சட்டி வாங்கினேன், அரிசி வாங்கினேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. அரிசிக்கு எவ்வளவு தண்ணி என்பதுகூடத் தெரியாது. லைன் வீட்டில் பிறந்தவன், அடுப்பு மூட்டத் தெரியும், விறகு பொறுக்கத் தெரியும், ரேஷன் கடை வரிசையில் நிற்கத் தெரியும். சோறாக்கத் தெரியாது. எப்படித் தெரியாமல் போச்சு? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் இருபத்தைந்து வருஷம் கழித்து எழுதுகிற பதில்.

*

மீனாட்சி அம்மாளின் புத்தகத்தைச் சும்மா திட்டிவிட்டுப் போவது சுலபம். பார்ப்பனச் சமையல், அதில் நமக்கு என்ன இருக்கு என்று நம் தோழர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். அந்தப் புத்தகம் எனக்குச் சோறு போட்டது. எழுதியவர் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். தன் குடும்பத்துப் பெண்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், உறவினர் ஒருவர் தூண்ட அதை நூலாக்கினார். வாய்வழியாக, மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு, அதட்டலோடும் அவமானத்தோடும் போய்க்கொண்டிருந்த ஒரு அறிவை எடுத்துப் பொதுவில் வைத்தார். யாரிடமும் கெஞ்சாமல் ஒருத்தி தானே கற்றுக்கொள்ளலாம் என்றாக்கினார். அதில் ஒரு விடுதலை இருக்கத்தான் செய்கிறது. பார்ப்பன விதவைக்கு ஒருவேளைச் சோறுதான், ராத்திரிச் சோறு கிடையாது என்று விதி வைத்திருந்த சாதி அது. அந்தச் சாதியில் ஒரு விதவை ஊருக்கெல்லாம் விருந்து எழுதினார் என்பதை மறந்துவிட்டு இந்தப் பிரதியை வாசிக்க முடியாது.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். அந்தப் புத்தகத்தின் பெயர் 'பார்ப்பனர் சமையல்' அல்ல. 'சைவச் சமையல்' என்றுகூட அல்ல. 'சமைத்துப் பார்', அவ்வளவுதான். சமையல் என்றாலே அது. உள்ளே போனால் ஒரு மீன் இல்லை, ஒரு கருவாடு இல்லை, ஒரு முட்டைகூட இல்லை. கறி சமைத்தால் 'அசைவம்' என்று எதிர்மறைப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. மாட்டுக்கறி சமைத்தால் சாதிப்பெயரே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆதிக்கம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: எதற்கு அடைமொழி தேவைப்படவில்லையோ அங்கே பார்க்கணும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் புத்தகம் எதையெல்லாம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது? வீட்டில் அரிசியும் பருப்பும் இருக்கிறது. விறகு காய்ந்திருக்கிறது. தண்ணீர் வீட்டுக்குள் இருக்கிறது. சமைக்கிறவளுக்குக் காலையிலும் பொழுது இருக்கிறது, மாலையிலும் பொழுது இருக்கிறது. ஆழாக்கும் பலமும் கொண்டு சாமானை அளந்த புத்தகம், சமைக்கிறவளின் நேரத்தை அளக்கவில்லை. அளக்க வேண்டிய அவசியம் அந்த வீட்டில் இல்லை.

அவசியம் இருந்த வீடு எங்களுடையது.

*

எங்க தாத்தா திருச்சிப் பக்கத்துச் சேரியிலிருந்து இலங்கைக்குப் போனவர். நாங்கள் பறையர். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. அந்தக் கணக்கில் ஒரு புள்ளியாக அம்மாவும் அப்பாவும் அக்காவைத் தூக்கிக்கொண்டு 1974-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் வனத்துறை மூலமாக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டிருந்தது. 1976 முதல் அது டான்டீ என்ற நிறுவனமானது. எங்க வீட்டில் அதில் சேரவில்லை, சொந்தக்காரர் ஒருத்தரைப் பிடித்துத் தனியார் எஸ்டேட் ஒன்றுக்குப் போனார்கள். ஒரு மலையிலிருந்து கிளம்பி இன்னொரு மலைக்கு வந்தார்கள். ஒரு லயத்திலிருந்து கிளம்பி ஒரு லைனுக்கு வந்தார்கள்.

அம்மா காலையில் பெரட்டுக்குப் போகும். கொழுந்து எடுத்து, சாயங்கால நிறுவை முடிந்து, வீடு வந்து சேர ஆறாகும், மழைக்காலத்தில் இருட்டிவிடும். அப்பாவுக்குக் கவாத்து வேலை. கொடுத்த கணக்கை வெட்டி முடித்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். ரெண்டு மணி, மூணு மணிக்கெல்லாம் வந்துவிடும். வந்து, சுடுதண்ணியில் குளித்து, திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிக்கும். அடுப்புப் பக்கம் திரும்பாது. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. செத்துப்போன மனுசன். ஆனால் எழுதாமல் விட்டால் மறுபடியும் அக்காவுக்குத் துரோகம் செய்ததாகிவிடும்.

அக்காவுக்குப் பத்து வயசில் அடுப்பு கைக்கு வந்தது. அம்மா வருவதற்குள் உலை கொதித்திருக்கணும். அதற்கு அக்கா நாலு மணிக்கே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வரணும். தண்ணி பிடிக்கணும், கவாத்து முடிந்த காட்டில் மிலாறு பொறுக்கணும், என்னையும் பார்க்கணும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. யாரும் நிறுத்தவில்லை, 'நீ போகாதே' என்று ஒரு ஆள் சொன்னதில்லை. ஒருநாள் போகவில்லை, ரெண்டுநாள் போகவில்லை, அப்படியே நின்றது. நான் படித்தேன். விளக்கு வெளிச்சம் அடுப்பங்கரையிலும் எனக்கும் பாதிப்பாதி.

இப்போது 1951-ன் இரண்டாவது பிரதிக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர் சட்டம் நல்ல சட்டம். தொழிலாளிக்கு வீடு கொடு என்றது. 50 பெண்கள் வேலை செய்தால் பிள்ளைமடுவம் வை என்றது. 150 பேர் வேலை செய்தால் உணவகம் வை என்றது. வேலை நேரத்துக்கு வரம்பு வைத்தது. கங்காணியின் வாய்ச்சொல்லே சட்டமாக இருந்த காட்டில் இதெல்லாம் சின்ன விஷயமல்ல, போராடி வாங்கியது. ஆனால் சட்டத்தின் கடிகாரம் நிறுவையோடு நின்றுவிடுகிறது. நிறுவைக்கும் படுக்கைக்கும் நடுவே இருக்கிற மூன்று மணி நேரம் யாருடைய கணக்கு? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வைக்கச் சொன்ன சட்டம், பத்து வயசுப் பிள்ளையை அடுப்பிலிருந்து எழுப்பவில்லை. முதலாளிக்கு அம்மாவின் கூலி மட்டும்தான் செலவு. மறுநாள் காலை அம்மா மறுபடியும் கொழுந்தெடுக்கத் தெம்போடு வந்து நின்றதே, அந்தத் தெம்பை ஆக்கிப் போட்டவளுக்கு எந்தச் செக்ரோலிலும் பெயர் இல்லை.

*

கோயமுத்தூரில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து நான் சாம்பார் கற்றுக்கொண்டேன். நன்றாகவே வந்தது. கீழ்வீட்டுக்காரர் 'நம்மாளுக மாதிரியே பண்றீங்களே' என்று பாராட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து சமைத்தேன். அடுத்த மாசம் வேறு அறை தேட வேண்டியதாயிற்று. சாம்பார் வாசம் மாடியிலிருந்து இறங்கலாம், கறி வாசம் இறங்கக் கூடாது. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. நகரத்துக்கு வந்து அறை தேடிய நம்மவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

புதிதாக நடந்தது வேறு. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, 'நான் ஆக்குறேன்' என்று வீறாப்பாக அடுப்பில் உட்கார்ந்தேன். புத்தகத்தில் சொன்னபடி துவரம்பருப்பைப் போட்டேன். ஒருமணி நேரம் கொதித்தது. பருப்பு கல்லு மாதிரிக் கிடந்தது. அக்கா வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தது.

"டேய் தம்பி, அது கீழ்நாட்டுப் புஸ்தகம்டா. இங்க தண்ணி கொதிக்கும், ஆனா சுடாது."

அக்கா சொன்னது விஞ்ஞானம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிற குன்னூரில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதிக்கும், ஊட்டியில் இன்னும் குறைவு. அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, விறகுதான் தீரும். பிரஷர் குக்கர் வருகிற வரைக்கும் மலைமேல் துவரம்பருப்பு என்பது விறகு உள்ளவன் வீட்டுப் பண்டம். எங்க லைனில் எல்லோரும் மைசூர்ப் பருப்புதான் போடுவார்கள். இலங்கையிலிருந்து கொண்டு வந்த பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அக்கா சொல்லித்தான் தெரிந்தது, பழக்கம் மட்டுமில்லை, கணக்கு. கால் மணி நேரத்தில் கரையும், அம்மா வருவதற்குள் ஆகும், ரெண்டு சுள்ளி போதும்.

ரொட்டியும் அப்படித்தான். மாவு, உப்பு, கையில் கிடைத்தால் கொஞ்சம் தேங்காய்ப்பூ. பிசைந்து தட்டிக் காய்ந்த கல்லில் போட்டால் முடிந்தது. புளிக்க வைக்க வேண்டாம். குளிர்காலத்தில் ஊட்டி, குன்னூர்ப் பக்கம் இட்லி மாவு ஒரு ராத்திரியில் பொங்காது. அடுப்போரம் வைத்துச் சாக்கைச் சுற்றி வைக்கணும், அப்பவும் விடியும்போது மாவு தூங்கிக்கிட்டு இருக்கும். தேங்காய் விலை ஏறினால் மிளகாயும் வெங்காயமும் உப்பும் இடித்துக் கட்டச் சம்பல். வேலியில் காய்க்கிற மேரக்காயோடு கருவாடு. மழையில் விறகு நனைந்துபோனால் வெறும் சோறும் சாயத்தண்ணியும். 'இலங்கை ரொட்டி' என்று ஊர்க்காரர்கள் கேலி பேசியது எங்கள் ருசியை மட்டுமல்ல. நேரமும் விறகும் இல்லாத பெண்கள் கண்டுபிடித்த ஒரு தொழில்நுட்பத்தையும் சேர்த்துத்தான்.

அளவு கேட்டால் அக்காவிடம் ஆழாக்கும் இல்லை, கிராமும் இல்லை. "பேக்டரி சங்கு ஊதுறப்ப உலை வை. நிறுவை முடிஞ்சு ஆளுக மேட்டுல ஏர்ற சத்தம் கேட்டா பருப்பை இறக்கு. அம்மா தட்டங்கூடைய இறக்கி வைக்கிறப்ப தாளி." இதுதான் செய்முறை. எஸ்டேட்டின் கடிகாரத்தைத் திருப்பிப் போட்டு அதிலேயே சமைத்த ஒரு குழந்தையின் செய்முறை. எந்தச் சமையல் புத்தகத்தில் இதற்குப் பக்கம் இருக்கிறது?

*

நமக்குச் சமையல் எழுத்தே கிடையாது என்று சிலர் வருத்தப்படுவார்கள். சமைக்கத் தெரியாததாலா? இந்த மலையின் சரித்திரத்தைப் பாருங்கள். கோடை வந்தால் மதராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிவிடும். பங்களாக்களில் சமைத்தது யார்? மாட்டுக்கறியைத் தொட மாட்டேன் என்றவர்கள் விட்ட இடத்தில் பறையர்கள்தான் பெருமளவில் சமையல்காரர்களாகவும் பட்லர்களாகவும் இருந்தார்கள். 1878-ல் கர்னல் கென்னி ஹெர்பர்ட் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் மதராஸ் வெள்ளைக்காரர்களுக்காகச் சமையல் நூல் ஒன்று வெளியிட்டார். புகழ் பெற்ற நூல். அதில் சமையல்காரனுக்கு ஒரே பெயர்தான்: ராமசாமி. எல்லாச் சமையல்காரனும் ராமசாமி. அடுப்பில் நின்றவன் பொதுப்பெயரானான், மேஜையில் உட்கார்ந்தவன் ஆசிரியனானான்.

அந்த ராமசாமிகளில் ஒருவர் வீட்டிலிருந்து என்ன வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளை அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். அவர் கொடுத்த ஓலைச்சுவடி வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பண்டிதரே பதிவு செய்திருக்கிறார். பண்டிதர் வாழ்ந்ததும் அவரது ஆரம்பகால அமைப்பு வேலைகள் நடந்ததும் இதே நீலகிரியில். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபை மாநாடும் இங்கேதான் நடந்தது. நம் அறிவு மரபு ஒன்று பட்லர் வீட்டைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. பங்களா அடுப்பங்கரையில் நின்ற கை குறளையும் பிடித்திருந்தது.

அந்தக் கையைத்தான் இன்றும் அடுப்பிலிருந்து தள்ளிவிடப் பார்க்கிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் கூட்டமாக வந்து நின்றார்கள். சிறைகளில் சாதி பார்த்துச் சமையல் வேலை கொடுக்கும் விதிகள் செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொல்வதற்கு 2024 அக்டோபர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யார் சமைக்கலாம் என்பதுதான் சாதியின் பழைய கேள்வி, யார் என்ன சாப்பிடலாம் என்பது அதோடு ஒட்டிய கேள்வி.

*

நம் பக்கத்து எழுத்துக்கு வருகிறேன். தேயிலைக்காட்டைப் பற்றித் தமிழில் எழுத்து இல்லாமல் இல்லை. புதுமைப்பித்தன் 1935-லேயே 'துன்பக்கேணி'யில் மருதியை இலங்கைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். பி.எச். டேனியல் என்ற மருத்துவர் ஆனைமலைத் தோட்டங்களில் கண்டதை 1969-ல் ஆங்கிலத்தில் நாவலாக்கினார். 2007-ல் இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டு வந்தார். நம்மில் எத்தனையோ பேர் அதை வாசித்து அழுதோம். மேஸ்திரியின் முன்பணம் ஞாபகம் இருக்கிறது, காய்ச்சல் ஞாபகம் இருக்கிறது, அடி ஞாபகம் இருக்கிறது. ராத்திரி என்ன ஆக்கினார்கள், யார் ஆக்கினார்கள் என்று கேட்டால் வாசித்த நாம் முழிக்கிறோம். இது நாவலின் குற்றமில்லை, நம் வாசிப்பின் பழக்கம். சாவும் கலகமும்தான் நமக்கு அரசியல். புதன்கிழமை ராத்திரியின் பருப்பு நமக்கு அரசியலில்லை.

உணவைப் பற்றி நாம் பேசாமலும் இல்லை. மாட்டுக்கறியைப் பற்றிப் பேசினோம். 2012-ல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மாட்டுக்கறித் திருவிழா நடந்தது. 2017 மே மாதம் சென்னை ஐஐடியில் மாணவர்கள் நடத்தியபோது ஒரு மாணவர் தாக்கப்பட்டார். அந்தக் கலகம் வேண்டும், இன்னும் வேண்டும். ஆனால் ஒரு சந்தேகத்தை நமக்குள்ளேயே கேட்டுக்கொள்வோம். மேடையில் நின்று மாட்டுக்கறி சாப்பிடுகிற நம் ஆண் தோழர்களில் எத்தனை பேருக்கு அதை ஆக்கத் தெரியும்? சாப்பிடும் உரிமைக்குக் குரல் கொடுத்தவன் வீட்டில், ஆக்கும் கடமை யார் தலையில் இருக்கிறது? மராத்தியில் ஷாஹு படோலே 2015-ல் மகர், மாங் மக்களின் சமையலை நூலாக எழுதினார். அன்னம் பூர்ண பிரம்மம் என்ற மேல்சாதி வாக்கைப் புரட்டி, அன்னம் அபூர்ண பிரம்மம் என்று அதற்குப் பெயர் வைத்தார். தமிழில் அப்படி ஒன்று வர வேண்டும். வரும்போது அதில் பண்டத்தின் பெயரோடு ஆக்கியவளின் வயதும் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

*

போன வருஷம் இதையெல்லாம் எழுதலாம் என்று நோட்டும் பேனாவுமாக அக்காவிடம் போனேன். அம்மா இல்லை இப்போது. அக்கா எஸ்டேட் வேலையிலிருந்து நின்றுவிட்டது, முழங்கால் வலி. "அக்கா, நீ ஆக்குறதெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லு, எழுதிக்கிறேன்" என்றேன். உனக்கு மரியாதை செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

அக்கா நோட்டைப் பார்த்தது. "எழுதுறது கிடக்கட்டும். ஏழாவது முழுப் பரிட்சை எழுதாம வந்தேன்ல, அன்னிக்கு வீட்டுல என்ன ஆக்குனேன்னு எனக்கு இன்னும் நெனப்பிருக்கு. மைசூர்ப் பருப்பும் ரொட்டியும். நீ நாலு தின்ன. அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்ய. மன்னிப்புக் கேட்டால் அக்கா சிரிக்கும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் அக்கா சொன்னது: "இன்னைக்கு ராத்திரிக்கு நீ ஆக்கு. நான் அங்கேருந்து சொல்றேன்."

ஆக்கினேன். பருப்பை எப்போது இறக்குவது என்று அக்கா கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னது. ரொட்டி ரெண்டு கருகியது. கருகினதை எனக்கு வைத்துவிட்டு நல்லதை அக்கா தட்டில் போட்டேன். அக்கா மூணு தின்றது. சம்பலில் உப்புக் கூட என்றது.

தோழர்களே, உங்கள் வீட்டு ராத்திரிச் சோற்றை எழுதுங்கள். திருவிழாச் சோறு வேண்டாம், கறிச்சோறு பிறகு வரட்டும். சாதாரண ஒரு நாளின் சோறு. எத்தனை மணிக்கு உலை வைத்தார்கள், எந்த விறகு, யார் தண்ணி எடுத்தது, யார் கடைசியாகச் சாப்பிட்டது, அவளுக்கு மிச்சம் இருந்ததா, அவள் எதுவரை படித்தாள் என்று எழுதுங்கள். ஆண்கள் எழுதுவதானால் அதற்கு முன்பு ஒரு மாதம் ஆக்கிவிட்டு எழுதுங்கள். பருப்பு வேகவில்லை என்றால் வீட்டிலேயே கேட்கலாம், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும்.